சுவரில் ஒரு ஜெர்மன்காரர்

சித்தூரில் ஒரு வீட்டுச் சுவரில் படம் தொங்க வேண்டுமென்றால் அது ஏதாவது வேலை பார்க்க வேண்டும். வெங்கடாசலபதி காப்பாற்றுகிறார். மாலை போட்ட தாத்தா ஆசீர்வதிக்கிறார். மாம்பழக்கூழ் கம்பெனி காலண்டர் ராகுகாலம் சொல்கிறது. சும்மா பார்ப்பதற்கென்றே ஒரு படம் மாட்ட ஆசைப்பட்டவன் எங்கள் தெருவிலேயே நான் ஒருவன்தான்.

ஆசையை மூட்டியவன் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் அக்கா மகன். அந்த ஊர் ஓவியர் ஒருவரின் தைல ஓவியத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து, "பிரேம் மட்டும் போட்டுக்குங்க மாமா" என்றான். விரித்தேன். சாம்பல் நிறம், நடுவில் சிவப்பு, அதன்மேல் யாரோ துடைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு தடம். என் முகத்தைப் பார்த்து அவனே விளக்கினான். டிரெஸ்டனில் 1932இல் பிறந்த கெர்ஹார்ட் ரிக்டர், ஈரச் சாயத்தின்மேல் பட்டையை இழுத்தே வரைவாராம். அப்படி 1986இல் இழுத்த ஒன்று 2015இல் லண்டன் ஏலத்தில் 3 கோடி பவுண்டுக்கு மேல் போனதாம். அதைக் கேட்டதும் எனக்குக் கலை புரிந்துவிட்டது.

சித்தூரில் பிரேம் போட ஆளில்லாமல் இல்லை. பெரிய கலைக்குப் பெரிய ஊர் வேண்டாமா? 70 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கத்துக் கடையொன்றில் இறங்கினேன்.

"ஏ சாமி சார் இது?"

"சாமி இல்லப்பா. ஜெர்மன் ஓவியம்."

"அப்போ சீரியல் லைட்டு எங்க வைக்கிறது?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, எது தல, எது காலு?"

எனக்கும் தெரியாது. அதை மறைக்க, 1969 முதல் உருவங்களைத் தலைகீழாகவே தீட்டிப் பேர் வாங்கிய கியோர்க் பாசெலிட்ஸைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டவர், "அவரு படத்துக்குக் கொக்கி எந்தப் பக்கம் சார் அடிப்பாங்க?" என்றார். தைலச் சாயம் காற்றுப் பட்டு உள்வரை இறுக மாதக்கணக்காகும், கண்ணாடி அதில் ஒட்டக்கூடாது என்றேன். "கண்ணாடி இல்லாட்டி பல்லி போகுமே சார்" என்றார். இதற்கு அக்கா மகனிடம்கூடப் பதில் இல்லை.

வீட்டில் அடுத்த விசாரணை. "என்னங்க, இதுக்கு ஊதுவத்தி காட்டணுமா, வேண்டாமா?"

கையிலிருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "பூஜையறையில உங்க பாட்டி குடுத்த லட்சுமி மட்டும் யாராம்? அதுவும் ஜெர்மன்காரர் அச்சுதான்!" பொய்யில்லை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கடன் கழுத்தை நெரிக்க, சில ஆண்டுகளில் அது ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன் தொழில்நுட்பரின் கைக்குப் போனது. நிறத்துக்கு ஒரு கல் வைத்து அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசித் தைல ஓவியப் பளபளப்பைக் கொண்டுவருவார்கள். ஒலியோகிராஃப் என்று பேர். அந்தக் கல்லச்சுக் கலையே 1790களில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்ததுதான். ஆக, ரவிவர்மா லட்சுமி மாட்டிய வீட்டிலெல்லாம் ஜெர்மனி எப்போதோ குடிபுகுந்துவிட்டது.

மனைவி முழுதும் கேட்டாள். "அந்த ஜெர்மன்காரர் லட்சுமிக்கு மூக்கு முழியெல்லாம் ஒழுங்கா அச்சடிச்சிருக்காரே. இவருக்கு என்ன அவசரம்?"

கடைசியில் ஓவியத்துக்கும் ஒரு வேலை கிடைத்தது. கூடத்தில் இன்வெர்ட்டருக்கு மேலே மழைநீர் இறங்கி ஓதம் பூத்த இடம் ஒன்று உண்டு. அதை மறைக்கச் சரியான அளவு. மாட்டிவிட்டுப் பெருமையாக நின்றிருந்தேன். எதிர்வீட்டு ரெட்டிகாரு வந்தார், காபி குடித்தார், சுவரையே வெகுநேரம் பார்த்தார்.

"ஓதம் இவ்வளவு பரவிடுச்சே சார்" என்றார். "அதுக்குப் போய் பிரேம் வேற போட்டிருக்கீங்க. மேஸ்திரி நம்பர் தரட்டுமா?"