எமகண்டத்தில் ரீபூட்

சென்னையில் முதல் க்ரான் ஜாப், அதாவது குறித்த நேரத்தில் தானாக நடக்கும் வேலை, ஓடியது நுங்கம்பாக்கத்தில். 1792ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. கம்பெனிச் சம்பளத்தில் சும்மா நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? 1802ல் ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் மதராஸ் நேரம் என்று ஒன்றைக் கணக்குப் போட்டு நிலைநாட்டினார். பின்னாளில் ரயில்கள் அந்த நேரப்படி ஓடின, அல்லது ஓடுவதாக அட்டவணையில் அச்சடித்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்துக் கடிகாரத்தோடு ஒரு பீரங்கியையும் இணைத்து, தினமும் இரவு எட்டு மணிக்கு வெடிக்கவிட்டார்கள். கடிகாரம் சரியாக ஓடுகிறது, நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஊருக்குத் தகவல். இன்றைய மானிட்டரிங் மென்பொருள் சரியாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கும், கெட்டுப்போனால் கத்தும். வெள்ளைக்காரன் ஏற்பாடு தலைகீழ்.

1906ல் இந்திய நேரம் வந்து மதராஸ் நேரத்தை ஓரங்கட்டியது. ஆனாலும் லினக்ஸ் சர்வர்கள் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவில் ஆசியா/கொல்கத்தா என்ற தலைப்பின் கீழ் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று அது இன்றும் குடியிருக்கிறது. கொல்கத்தா பெயரில் பட்டா, மதராஸுக்கு உள்வாடகை.

அடுத்த தொண்ணூறு வருடத்துக்கு இந்த க்ரான் வம்சத்தில் சொல்லிக்கொள்ளும்படி யாரும் பிறக்கவில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. 1998ல் சத்யம் இன்ஃபோவேயும் இணையம் கொடுக்க வந்தது. 2000 ஜூலையில் தரமணியில் வாஜ்பாய் டைடல் பார்க்கைத் திறந்துவைத்தார். இவையெல்லாம் பாடப்புத்தகத்துக்குரிய சரித்திரம். நமக்கு வேண்டியது மயிலாப்பூர் மாடி போர்ஷன்களின் சரித்திரம்.

அந்தக் காலத்தில் ஹோஸ்டிங் கம்பெனி என்றால் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய ஒரு யு.பி.எஸ்., கதவில் 'சொல்யூஷன்ஸ்' என்று முடியும் ஒரு பெயர்ப்பலகை. சர்வர் மட்டும் அங்கே இருக்காது. அது டெக்சாஸில் இருக்கும். 2002ல் சிங்கப்பூரிலிருந்து 3,200 கிலோமீட்டர் கடலுக்கடியில் வந்த ஐ2ஐ கேபிள், மாட வீதியிலிருந்து நடந்தே போகக்கூடிய சாந்தோமில்தான் கரையேறியது. ஆனாலும் பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்தின் வெப்சைட் அமெரிக்காவுக்குப் போய்விட்டுத்தான் திரும்பும். அங்கே கரன்ட் போகாது, வாடகை மலிவு. வேறு தத்துவம் எதுவும் இல்லை.

சர்வர் அமெரிக்காவில் என்றால் பராமரிப்பு நேரமும் அமெரிக்க நேரம். ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது, அப்போது அப்டேட் போடு, ரீபூட் செய் என்பது ஒப்பந்தம். டெக்சாஸில் ஞாயிறு அதிகாலை இரண்டு மணி என்றால், கோடையில் நமக்கு ஞாயிறு பகல் பன்னிரண்டரை. பஞ்சாங்கத்தைப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாத ஒன்றரை மணி நேரத்தின் நட்டநடுவில், வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் இலையில் காத்திருக்க, ஒரு தலைமுறையே கெர்னலை மாற்றிக்கொண்டிருந்தது.

"ஏண்டா, சாதம் ஆறிப் போறது. சாப்ட்டுட்டுப் பண்ணப்படாதா?"

"அம்மா, ரீபூட் குடுத்திருக்கேன். திரும்பி வரணும்."

"எங்கேர்ந்து வரணும்?"

நியாயமான கேள்வி. சில சமயம் வராது. பிங் அடித்துக்கொண்டே பையன் உட்கார்ந்திருப்பான். டேட்டா சென்டருக்கு டிக்கெட் போட்டால், அங்கே நைட் ஷிஃப்டில் இருக்கும் புண்ணியவான் எழுந்து போய் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வருவான்.

இந்த வதைக்குப் பயந்தே பலர் அப்டேட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்கு ஒரு கௌரவமான பெயரும் வைத்திருந்தார்கள்: அப்டைம். "நம்ம சர்வர் நானூறு நாளா ரீபூட்டே ஆகலை சார்" என்று மார் தட்டுவார்கள். நானூறு நாளாகக் கெர்னலின் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை என்பது அதன் பொருள். பாதுகாப்புக்கு ஆயுத பூஜை இருந்தது. சர்வர் டெக்சாஸில் இருந்ததால் சந்தனமும் குங்குமமும் இங்கே மானிட்டருக்கு. 2003 ஜனவரியில் ஸ்லாம்மர் புழு சில நிமிடங்களில் உலகத்தைச் சுற்றிவந்தபோது, அதைத் தடுக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. போடத்தான் ஆள் இல்லை.

தொழில் வளர்ந்தது. ஒரு சர்வர் இருந்தபோது அதற்கு ரஜினி என்று பெயர், இரண்டாவதுக்குக் கமல். "ரஜினி படுத்துட்டார்" என்று போனில் சத்தமாகச் சொல்லி, மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் பதறிய கதைகள் உண்டு. முப்பதைத் தாண்டியபோது நடிகர்கள் தீர்ந்துபோய் வெப் 31, வெப் 32 என்று ஜெயில் கைதி மாதிரி எண் போட்டார்கள். முப்பது இயந்திரத்திலும் ஒவ்வொன்றாக நுழைந்து ஒரே கட்டளையை அடித்தால் சாயங்காலம் ஆகிவிடும். அப்போதுதான் எவனோ ஒரு புண்ணியாத்மா, சர்வர் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, ஒரு ஃபார் லூப்பில் எஸ்.எஸ்.ஹெச்.சை மாட்டி, என்டரைத் தட்டிவிட்டு இலைக்குப் போனான். இதைத் தொலைநோக்கு என்று இன்றைய மேனேஜர்கள் ஸ்லைடு போடுகிறார்கள். பசி, ஐயா. வெறும் பசி.

லூப்புக்கு உண்மையான பரீட்சை வைத்தது அமெரிக்க காங்கிரஸ். மின்சாரம் சேமிக்கிறேன் பேர்வழி என்று 2005ல் ஒரு சட்டம் போட்டார்கள். கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை நகர்த்துவது ஏப்ரல் முதல் ஞாயிறு அல்ல, 2007லிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு. அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒவ்வொரு சர்வரிலும் நேர மண்டலக் கோப்பை மாற்ற வேண்டிய வேலை, கடிகாரத்தை நகர்த்தும் வழக்கமே இல்லாத தி.நகருக்கு வந்து சேர்ந்தது. லினக்ஸுக்கு ஒரு பேட்ச். ஜாவா தனக்கென்று சொந்தமாக ஒரு பஞ்சாங்கம் வைத்திருந்ததால் அதற்குத் தனி. விண்டோஸ் 2000க்கு இலவச பேட்சே கிடையாது, ரெஜிஸ்ட்ரியில் கையால் திருத்த வேண்டும். தவறவிட்ட இயந்திரம் மார்ச் 11 முதல் ஏப்ரல் 1 வரை மூன்று வாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும். இதில் உச்சம் என்னவென்றால், அந்த ஞாயிறு அமெரிக்காவில் அதிகாலை இரண்டு மணியே கிடையாது. ஒன்று ஐம்பத்தொன்பதுக்கு அடுத்தது மூன்று. "இரண்டு மணிக்கு பேக்கப் எடு" என்று க்ரானில் எழுதிவைத்தவர்கள் இல்லாத மணிக்கு முகூர்த்தம் குறித்தவர்கள்.

லூப்பின் வேலையைச் செய்யத் தனிக் கருவிகளே வரிசையாக வந்தன: பப்பெட் 2005, ஷெஃப் 2009, ஆன்சிபிள் 2012. முன்பு ஒருவன் ஞாயிறு பூராவும் உட்கார்ந்து ஒரு சர்வரைக் கெடுப்பான். இப்போது நாற்பது விநாடியில் நானூறையும் கெடுக்கலாம்.

மிகையல்ல. 2016 ஏப்ரலில் பிரிட்டனின் 123-ரெக் என்ற ஹோஸ்டிங் கம்பெனி, எத்தனை மெய்நிகர் சர்வர்கள் ஓடுகின்றன என்று கணக்கெடுக்க ஒரு ஸ்கிரிப்டை ஓட்டியது. சில வாடிக்கையாளர்களின் பதிவில் பூஜ்யம் என்று விடை வந்தது. பூஜ்யமென்றால் அங்கே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிய ஸ்கிரிப்ட், இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டது. 2017ல் கிட்லேப் என்ற மென்பொருள் கம்பெனியில் நள்ளிரவு அசதியில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் ஐந்தும் கைவிரித்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி தானாக அனுப்பிய ஒரு கோப்பு எண்பத்தைந்து லட்சம் விண்டோஸ் இயந்திரங்களை நீலத்திரையில் நிறுத்தியது. அன்று இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகவே, ஹோஸ்டிங் நடத்தும் அன்பர்களே: அப்டேட்டை முதலில் ஒரே ஒரு சர்வரில் விட்டுப் பாருங்கள், ஒரு நாள் பொறுத்து மற்றவற்றுக்கு அனுப்புங்கள். பேக்கப்பை ஒருமுறையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி சாயங்காலம் மட்டும் வேண்டவே வேண்டாம்.