பந்திக்கு நடு எது? செட்டிநாட்டு விருந்தில் மேசை அலங்காரம் இல்லாமை குறித்து ஓர் ஆய்வு

விருந்து மேசையின் நட்டநடுவில், யாரும் தின்ன முடியாததும் எதிரில் இருப்பவர் முகத்தை மறைப்பதுமான ஒரு பொருளை நிறுத்தி வைப்பது ஐரோப்பியப் பெரிய வீடுகளின் வழக்கம். வெள்ளிக் கிளைகளில் கண்ணாடிக் கிண்ணங்கள் தொங்கும். பீங்கான் தேவதைகள் பூக்கூடை ஏந்தி நிற்பார்கள். இதை இக்கட்டுரை ‘மேசைநடு அலங்காரம்’ என்றும், ஆய்வுக்குரிய மிடுக்கு வேண்டி இனி ‘மே.ந.அ.’ என்றும் குறிக்கும். நம் வினா ஒன்றுதான்: ஊர் உலகத்துச் சாமானையெல்லாம் கப்பலேற்றிக் கொண்டுவந்த செட்டிநாடு, சாப்பிடும் இடத்தில் மட்டும் ஏன் மே.ந.அ. வைக்கவில்லை?

கிடைத்திருக்காது என்பது முதல் கருதுகோள். அது நிற்காது. 1852இல் கீழ்ப்பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போனபின், ஐராவதிக் கழிமுகத்து நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்து வளர்ந்தவர்கள் செட்டிநாட்டு வணிகரான நகரத்தார். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பியச் சரக்கு கிழக்கே வரும் வழி குறுகிற்று. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண் உண்டு, இத்தாலியச் சலவைக்கல் உண்டு, பெல்ஜியம் கண்ணாடி உண்டு. இவ்வளவையும் வாங்கியவர்களுக்கு ஒரு வெள்ளிப் பூச்சாடி எட்டாமல் போயிருக்குமா? ஐயமுள்ளவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளுக்குள் ஒரு நடை போய்வரலாம். எனாமல் தூக்குகளுக்கும் மங்குச் சாடிகளுக்கும் நடுவே, மெழுகுவத்திக் கிளையும் கண்ணாடிப் பூங்குவளையும் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே அவை வந்திருக்கின்றன. பந்திக்குத்தான் வரவில்லை.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில், பட்டாலையை ஒட்டிய அறையின் கண்ணாடி அலமாரியில் அப்படி ஒன்றைக் கண்டோம். ஊதாக் கண்ணாடி, விளிம்பில் தங்கப்பூச்சு, கழுத்தில் லேசான விரிசல். வீட்டு ஆச்சியிடம் இதன் பயன்பாடு என்னவென்று முறைப்படி வினவினோம்.

“துடைக்கிறதுக்கு” என்றார்.

“சாப்பாட்டு நேரத்துல நடுவுல வைக்கிற வழக்கம் உண்டா ஆச்சி?”

“எங்க ஐயா ரங்கூன்லேருந்து கொண்டாந்தாக. பொங்கலுக்குப் பொங்கல் எறக்கித் துடைச்சு ஏத்துவோம். நடுவுல வச்சா எலையை எங்க தம்பி போடுறது?”

இத்துறையில் இதைவிடத் தெளிவான வாக்குமூலம் இனி கிடைக்கப்போவதில்லை. ஆயினும் ஆய்வு என்றால் நீட்ட வேண்டும்.

இலை என்பது தனக்குள்ளே முழுமையான ஒரு மேசை. நுனி இடப்பக்கம், உப்பு ஓர் ஓரம், இனிப்பு ஓர் ஓரம், சோறு நடு. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு நடு இருக்கும்போது பொதுநடுவுக்கு வேலையில்லை. வடிவியல்படியும் இடமில்லை. வளவில் பந்திப்பாய் விரித்து ஒரு வரிசையில் 40 பேர் உட்கார்ந்தால், நடு என்பது 20ஆவது ஆளுக்கும் 21ஆவது ஆளுக்கும் இடையே விழும். அங்கே இருப்பவை இரண்டு முழங்கால்கள். சரி, எதிரெதிர் வரிசைகளுக்கு இடையே வைக்கலாமே என்றால், அது சாம்பார் வாளி ஓடும் பாதை. அதில் ஒரு வெள்ளித் தேவதையை நிறுத்தி என்ன நடக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு எந்தச் சமையல்காரரும் இசையவில்லை.

ஐரோப்பாவில் மட்டும் இது ஏன் முளைத்தது? உப்பிலிருந்து தொடங்குவோம். இத்தாலியச் சிற்பி செல்லினி, பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சிஸுக்காக 1543இல் பொன்னில் ஓர் உப்புச்சாடி செய்து முடித்தார். கடல் தேவனும் நிலமகளும் எதிரெதிரே சாய்ந்திருப்பார்கள்; ஒருவர் பக்கம் உப்பு, மற்றவர் பக்கம் மிளகு. உயரம் 26 சென்டிமீட்டர். 2003இல் வியன்னா அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய், 2006இல் ஆஸ்திரியக் காடொன்றில் புதைத்து வைத்திருந்த பெட்டிக்குள் அகப்பட்டது. நம் ஊரில் இலையோரம் ஒரு சிட்டிகை உப்பு வைத்துவிட்டுப் போகிறார்கள். அதை இதுவரை யாரும் திருடியதாக வழக்குப் பதிவாகவில்லை.

பின்பு ஒரு திருப்பம். பழைய பிரெஞ்சு முறையில் பதார்த்தங்கள் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிவிடுவார்கள். நடுவில் அலங்காரம் நின்றாலும் சுற்றிலும் தட்டுகள் நெருக்கும். 1810 வாக்கில் பாரிஸிலிருந்த ருஷ்யத் தூதர் குராகின், ஒவ்வொன்றாகப் பணியாளர் கொண்டுவந்து பரிமாறும் முறையை அங்கே அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதுவே நாகரிகம் என்றாயிற்று. தட்டுகள் மேசையைவிட்டுப் போயின. இவ்வளவு பெரிய மேசை வெறுமையாகக் கிடந்தது. வீட்டுக்காரரோ தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வெறுமையில்தான் பூவும் பழமும் வெள்ளிக் கிளையும் குடியேறின.

இங்கேதான் இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு. விருந்து வைப்பவர் உட்கார்ந்துவிட்ட இடத்தில் மே.ந.அ. முளைக்கும், அவர் நடமாடிக்கொண்டே இருக்கும் இடத்தில் முளைக்காது. இதை இனி ‘உட்காரல் விதி’ என்க.

விதிக்குக் குவாலியர் சாட்சி. ஜெய்விலாஸ் அரண்மனையின் விருந்து மேசைமேல் மாதவராவ் சிந்தியா ஒரு குட்டி வெள்ளி ரயிலுக்குத் தண்டவாளம் போட்டார். பெட்டிக்கு ஓர் எழுத்தாகக் குடும்பப் பெயரைச் சுமந்துகொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு அது மதுவையும் சுருட்டையும் ஏற்றி மேசையைச் சுற்றி வரும். யாராவது குப்பியை எடுத்தால் ரயில் நின்றுவிடும். திரும்ப வைத்தால் கிளம்பும். மகாராஜா எழுந்து வந்து ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்க முடியாது. அவருக்குப் பதில் ரயில் வந்து கேட்டது.

செட்டிநாட்டில் அந்த ரயிலின் வேலையை ஆளே பார்த்தார். பந்தி விசாரிப்பவரைக் கவனியுங்கள். மேல்துண்டை இடுப்பில் சுற்றியிருப்பார். சாப்பிடுபவர் முகத்தை அதிகம் பார்க்கமாட்டார். பார்வை முழுக்க இலையில். ஓர் இலையில் வெள்ளைப் பணியாரம் தீர்ந்து, காரத் துவையல் மட்டும் மிஞ்சியிருக்கும். “அந்த எலைக்குப் பணியாரம் வரலை பாரு” என்று பின்னால் வருபவனுக்கு ஒரு சொல். வேண்டாம் என்று கை மறித்தால், மறிக்கும் கையின் விரைப்பை வைத்தே அது நிஜமா, மரியாதைக்கா என்று கணித்துவிடுவார். மரியாதைக்கு என்றால் பணியாரம் விழும். மே.ந.அ. செய்ய வேண்டியவை மூன்று: எல்லார் கண்ணிலும் படுவது, வீட்டின் அந்தஸ்தைச் சொல்வது, விருந்தாளியை மகிழ்விப்பது. மூன்றையும் இவர் செய்துவிடுகிறார். துடைக்கவும் வேண்டாம்.

மறுப்புகள் உண்டு. இலையைத் தரையைவிட்டு மேசைக்கு ஏற்றிய பின்னும் விதி பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்துகிறது. காரைக்குடி ‘பங்களா’ விடுதியில் 1999 முதல் விருந்தினருக்கு மேசையில்தான் இலை போடுகிறார்கள்; நடந்து நடந்து பரிமாறுவதும் கேட்டுக் கேட்டு வைப்பதும் குறையவில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. நம் வீடுகளிலேயே சாப்பாட்டு மேசை வந்துவிட்டதே, அதன் நடு காலியாகவா இருக்கிறது? இல்லைதான். ஊறுகாய் பாட்டில், சர்க்கரை மாத்திரை டப்பா, மூடி தொலைந்த நெய்க்கிண்ணம், கட்ட வேண்டிய கரண்ட் பில், டி.வி. ரிமோட். ஆனால் அங்கே பரிமாற ஆளில்லை. எல்லாரும் தாமே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்ததும் நடு முளைத்துவிட்டது. மறுப்பு என்று வந்தது, விதிக்கே முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறது.

இன்றைய கல்யாணமோ விதியை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டது. பெண்ணின் அப்பச்சி இப்போது பந்தியில் இல்லை. போட்டோவுக்காக மேடையில் நிற்கிறார், சிரித்தபடி, ஒன்றரை மணி நேரமாக. பந்தி விசாரிக்க வேண்டியவர் ஓரிடத்தில் நட்டுவைத்தபடி நிற்பதும் உட்கார்ந்ததாகவே இவ்விதியில் கொள்ளப்படும். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பஃபே மேசைகள். அவற்றின் நடுவில், ஐயா, முளைத்தேவிட்டது: தர்பூசணியில் செதுக்கிய ரோஜா, கேரட் அலகு வைத்த பூசணி மயில், கண்ணுக்கு இரண்டு மிளகு. சுற்றிலும் இடியாப்பமும் கோழி வறுவலும் ஆவி பறக்க, மயில் எதையும் விசாரிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

களப்பணியின் நிறைவாக, மயில் உண்ணத்தக்கதா என்று அறிய அதன் வால் பக்கம் கரண்டியை நீட்டினோம். மேசைப் பொறுப்பாளர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“சார், அத மட்டும் தொடாதீங்க. நாளைக்குக் காலைல தேவகோட்டை கல்யாணத்துக்குப் போகணும்.”