அரை ஓம் துரு

மார்கழிக் காலையில் அப்பாவின் அம்பாசடரைக் கிளப்புவது எங்களுக்குக் குடும்பத் தொழில். பேட்டரிக்கு வயதாகிவிட்டது. ஸ்டார்ட்டர் முனகத் தொடங்கினால் 12 வோல்ட் 9க்கு இறங்கிவிடும். பொறி கிளப்பும் காயிலுக்கு மிச்சம் அதுதான். அப்பா இறங்கிப் போய் முன்னால் ஹாண்டிலைச் செருகி, "முருகா" என்று ஒரு சுற்றுச் சுற்றுவார். பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டருக்குப் பங்கு போகாததால் பேட்டரியில் இருந்ததெல்லாம் காயிலுக்கே போயிற்று என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்பா கடைசிவரை முருகனுக்கே நன்றி சொன்னார்.

மற்றதற்கெல்லாம் பட்டறை பாய். அவரிடம் மீட்டர் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுப்பார். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். பாய் அதற்குச் சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்துச் சொருகுவார். பிறகு கண்ணில் பட்ட ஒயர் முனையை எல்லாம் கழற்றி, சுரண்டி, மாட்டுவார். ஏன் என்றால், "கரண்டுக்கு வழி விடணும் தம்பி" என்பார். முடிந்தது பாடம்.

சாயங்காலம் வண்டி கிளம்பினால் எதிர்வீட்டு தூர்தர்ஷனில் கோடு கோடாக ஓடும். அந்த வீட்டு மாமி ஆன்டெனாவைத் திட்டுவார். இன்றைய பிளக்குகள் பலவற்றுக்குள் 5,000 ஓம் போல ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்து அந்த இரைச்சலை விழுங்கிவிடுகிறது. திட்டுவதற்கு ஆன்டெனாவும் இல்லை.

வண்டி இப்போது அக்கா மகனிடம். இன்ஜினியர், டிஜிட்டல் மீட்டர் வைத்திருக்கிறான். வந்த வேகத்தில், பழைய 3 ஓம் காயிலைக் கழற்றிவிட்டுப் பொறி பலமாக வரட்டும் என்று 1.5 ஓம் காயிலை மாட்டினான். அந்த வகைக் காயிலுக்கு முன்னால் ஒரு பாலஸ்ட் ரெசிஸ்டர் காவல் இருக்க வேண்டும்; ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும் அதைத் தாண்டி முழு வோல்ட்டும் போகும், ஓடும்போது அது கடிவாளம் போடும். காவல் இல்லாததால் 4 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 8 ஓடி, பாயிண்ட் கருகி, காயிலைத் தொட முடியவில்லை. பழைய காயில் திரும்பி வந்தது.

வந்தும் இழுவை இல்லை. மறுபடி மீட்டர். பேட்டரியில் 12.6, பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்கு வருவது 10.8. காணாமல் போன 1.8 வோல்ட்டைத் தேடி ஒரு ஞாயிறு முழுக்கக் கணக்குப் போட்டான்: ஓடுவது 3.6 ஆம்பியர், ஆகவே வழியில் எங்கோ அரை ஓம். சாவி சுவிட்சிலும் அதன் ஒயர் முனைகளிலும் துரு. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"மாமா, தொடாதீங்க! அது ஒரிஜினல்."

பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ரிலே போட்டுவிட்டான். சுவிட்ச் இப்போது ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி. துருவின்மேல் ஏதோ எண்ணெய் பூசிப் பாதுகாத்து வருகிறான்.