கடலைக் குடிக்கும் தீவில் ஒரு குகை ஏரி

கே: குகைக்குள் ஏரி என்றால் இருட்டில் தேங்கிய தண்ணீர்தானே? அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ப: கிரேக்க நாட்டின் கெஃபலோனியா தீவில், சாமி ஊருக்குப் பக்கத்தில் உள்ள மெலிஸ்ஸானி குகையில் இருட்டுக்கு இடம் குறைவு. சுண்ணாம்புப் பாறையால் ஆன அதன் கூரையில் பெரும்பகுதி இடிந்து விழுந்துவிட்டது. அந்தத் திறப்பின் விளிம்பில் மரங்கள் நிற்கின்றன. வெயில் நேரே ஏரியில் இறங்குகிறது. ஏரி நடுவே சிறு தீவு. அதற்கு அப்பால் கூரை மூடிய இன்னொரு கூடம்.

கே: உச்சி வெயிலில் யாராவது ஊர் சுற்றுவார்களா?

ப: இந்த ஒரு இடத்துக்கு அதுதான் முகூர்த்த நேரம். சூரியன் தலைக்கு மேல் வரும்போதுதான் ஒளி ஏரியின் அடிவரை பாய்கிறது. ஒளியிலுள்ள சிவப்பை நீர் உறிஞ்சிக்கொள்ள, நீலம் மட்டும் மிஞ்சிக் கண்ணுக்கு வருகிறது. படகின் நிழல் அடியிலுள்ள பாறைமேல் தனியாக நகர்வதைக்கூடப் பார்க்கலாம். விடியற்காலையில் முதல் ஆளாகப் போகிறவருக்கு இதெல்லாம் கிடைப்பதில்லை.

கே: அது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

ப: இரண்டும் கலந்தது. மெலிஸ்ஸானியின் உண்மையான அதிசயம் இதுதான். நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். தீவின் மேற்கே அர்கோஸ்டோலி கரையில் கடவோத்ரெஸ் என்ற இடத்தில், கடல்நீர் பாறைப் பிளவுகளுக்குள் ஓடி மறைகிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஓட்டத்தில் சக்கரம் கட்டி மாவு அரைத்தார்கள். உள்ளே போன நீர் எங்கே போகிறது என்பது மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. 1963இல் ஆஸ்திரிய நிலவியலாளர்கள் அந்தப் பிளவில் சாயத்தைக் கரைத்து விட்டார்கள். 14 நாள் கழித்து, தீவின் எதிர்ப்புறத்தில், மெலிஸ்ஸானியிலும் அருகிலுள்ள கரவோமிலோஸ் நீர்நிலையிலும் அந்தச் சாயம் தலைகாட்டியது.

கே: மலைக்கு அடியில் கடலைத் தள்ளிக்கொண்டு போவது யார்?

ப: மழை. மலையில் பெய்யும் நீர் பாறை இடுக்குகள் வழியே இறங்கி, ஆழத்தில் கடல்நீரோடு கலக்கிறது. கலந்த நீர் எடை குறைந்து மேலெழ, கனமான கடல்நீர் பின்னாலிருந்து அதை நெட்டித் தள்ளுகிறது. 1953ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தீவின் வீடுகள் பெரும்பாலும் தரைமட்டமாயின. நிலமும் உயர்ந்து, கடவோத்ரெஸின் ஓட்டம் இளைத்துப் போயிற்று.

கே: காதலில் தோற்ற பெண் இந்த ஏரியில் விழுந்தாளாமே?

ப: பான் என்ற ஆட்டுக்கால் தேவன் மறுத்ததால் மெலிஸ்ஸானி என்ற நீரணங்கு உயிர்விட்டாள் என்பது கதை. ஆனால் பானுக்கு இங்கே வழிபாடு நடந்ததற்குச் சான்று உண்டு. இந்தத் தீவிலேயே பிறந்த தொல்லியலாளர் ஸ்பிரிடான் மரினாடோஸ் 1962இல் அகழ்ந்தபோது, பானின் களிமண் உருவமும் விளக்குகளும் கிடைத்தன.

கே: இறங்கி ஒரு முழுக்குப் போடலாமா?

ப: நீந்த அனுமதி இல்லை. சரிவான சுரங்கப் பாதையில் இறங்கினால் படகோட்டி காத்திருப்பார். துடுப்பும் அவர் கையில்தான். படகுச் சுற்று சீக்கிரமே முடிந்துவிடும் என்பதால் நேரம் பார்த்துப் போவது முக்கியம். வானம் மூடியிருந்தால் அன்றைக்குப் பக்கத்திலுள்ள த்ரோகராட்டி குகையைப் பார்த்துவிட்டு, மெலிஸ்ஸானியை வெயில் அடிக்கும் நாளுக்கு வைத்துக்கொள்வதே சரி.