இடது முன்சக்கர ஆட்டம்: பாடபேதங்களும் மூலபாடமும்

1. ஆய்வுக்களம்

சக்கரக் கோளாறால் வண்டி நின்றுபோன சம்பவங்களில் நம் இலக்கியங்கள் அறிந்தவற்றுள் தலையாயது, குருட்சேத்திரத்தில் பதினேழாம் நாள் நடந்தது. கர்ணனின் தேர்ச்சக்கரத்தைப் பூமி விழுங்கியது. விழுங்கப்பட்டது இடது சக்கரம் என்று கர்ணனே வாக்குமூலம் தந்திருக்கிறான். அம்மரபு இன்றும் அறுபடவில்லை. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்து, சாலையின் இடப்பக்கமாக ஓட்டும் நாட்டில், அவர் கண்ணுக்கு எட்டாத மூலை இடது முன்சக்கரம். நடைபாதைக் கல்லும் மழைக்காலப் பள்ளமும் அந்த மூலையில்தான் தவமிருக்கின்றன.

மகாபாரதத்தின் செம்பதிப்பு உருவான ஊர் புனே. 1917-இல் தொடங்கிய பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், 1919-இல் அப்பணியைக் கையில் எடுத்து, 1,259 சுவடிகளை ஒப்பிட்டு, 1966-இல் முடித்தது. அதே 1966-இல் அதே ஊரில், ஏ.ஆர்.ஏ.ஐ. எனப்படும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் பிறந்தது. ஒரு தேரை முடித்த கையோடு ஊர் அடுத்த தேருக்குப் போய்விட்டது. ஆயினும் சுவடியியலையும் சக்கரவியலையும் ஒருங்கே பயின்றோர் இதுவரை எவருமிலர். அப்பெருங்குறையைப் போக்க இக்கட்டுரை எழுந்தது.

2. சுவடி விளக்கம்

கார் ஒன்று நடைபாதைக் கல்லில் இடித்தது. அன்று முதல் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிறது என்று கொள்வோம். இந்த உதறல் ஒரே நூல். பட்டறைதோறும் அதற்கு வேறு வேறு பாடம் கிடைக்கிறது. இவ்வாய்வு ஐந்து மரபுகளைப் பிரித்தறிகிறது.

முதலாவது, ஈய மரபு. ரிம்மின் ஓரத்தில் சிறு ஈயக்கட்டிகளை அடித்தால் உதறல் நிற்கும் என்பது இதன் கொள்கை. இரண்டாவது, நேர்நிலை மரபு: அலைன்மென்ட் போட்டால் போதும். மூன்றாவது, கோணல் மரபு: ரிம் பெண்ட் ஆகிவிட்டது, எடுக்க வேண்டும். நான்காவது, லோயர் ஆர்ம் மரபு. இம்மரபினர் வண்டிக்கு அடியில் படுத்துப் பேசுவதால் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. தொகை மட்டும் தெளிவாகக் கேட்கும். ஐந்தாமவர் மாயாவாதிகள். சக்கரம் ஆடவில்லை, ரோடுதான் அப்படி என்பது அவர்கள் சித்தாந்தம். புனே சாலைகளில் ஜூலை மாதத்தில் இதை மறுப்பது எளிதன்று.

'ஹோவூன் ஜாயீல், ஸாஹேப்' (ஆகிவிடும் சார்) என்ற தொடர் ஐந்து மரபுகளிலும் மாறாமல் காணப்படுகிறது. இதை நூலின் பகுதியாகக் கொள்ளாமல் மங்கல வாழ்த்தாகக் கொள்ளலாம்.

3. பாடத்தேர்வு

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சுவடிகள் ஒத்துப்போனால் அந்தப் பாடத்தை நம்பலாம் என்பது பதிப்பியலின் அடிப்படை விதி. எனவே, ஒரே கடையில் டீ குடிக்காத இரு மெக்கானிக்குகள் ஒரே கோளாற்றைச் சொன்னால் அது மூலபாடத்துக்கு நெருங்கியது. மற்றொரு விதி, கடினமான பாடமே பழையது என்பது. இதைப் பட்டறையில் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்: செலவில்லாத பாடத்தை முதலில் சோதிக்க வேண்டும்.

செலவில்லாதவற்றுள் முதலாவது சக்கர நட்டு. தளர்ந்த நட்டு ஒன்றே சக்கரத்தை ஆட்டப் போதும். வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக, நட்சத்திரம் போடுவதுபோல் முடுக்குவது முறை. இரண்டாவது, இடமாற்றம். இடது முன்சக்கரத்தைப் பின்னுக்கும், பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். உதறல் ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்கு இறங்கினால் குற்றவாளி டயரோ ரிம்மோ. ஸ்டியரிங்கிலேயே உறுதியாக நின்றால் சக்கரம் நிரபராதி. ஹப், ஆர்ம், டை ராடு ஆகியோரை விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்ப்பது. கர்ணன் இவ்விடத்தில்தான் தவறினான். அவன் பிடித்துத் தூக்கியபோது சக்கரம் விடுபடவில்லை. பூமிதான் நான்கு விரற்கடை மேலெழுந்தது. வண்டியை மட்டும் தூக்குவதே சரியான முறை. பின், அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, சக்கரத்தைக் கடிகார முகமாகப் பாவித்து, பன்னிரண்டிலும் ஆறிலும் கை வைத்து ஆட்டினால் பால் ஜாயின்டின் தளர்ச்சி தெரியும். மூன்றிலும் ஒன்பதிலும் ஆட்டினால் டை ராடு பேசும். எல்லாத் திசையிலும் ஆடினால் பேரிங். அடுத்து, சக்கரத்தைக் கையால் சுழலவிட்டு, ரிம்மை ஒட்டி ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தால், கோணிய இடத்தில் மட்டும் கோடு விழும். டயல் கேஜ் உள்ள பட்டறையில் அந்தக் கோணலை அளந்தே சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயத்துக்கு இடமுண்டு.

4. பதிப்பும் உரையும்

இரும்பு ரிம் லேசாகக் கோணியிருந்தால் மெஷினில் நிமிர்த்தலாம். அலாய் வீலில் விரிசல் கண்டால் வெல்டிங் பேச்சுக்கே இடமில்லை, மாற்றுவதே முறை. டயரின் பக்கவாட்டில் வீக்கம் தெரிந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். வளைந்த லோயர் ஆர்மையும் டை ராடையும் காய்ச்சி அடித்து நிமிர்த்துவோர் இடைச்செருகலாளர்கள்; நானா பேட்டையின் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஊரில் அதற்குத் தேவையுமில்லை. இவையெல்லாம் முடிந்த பிறகு பேலன்சிங்கும் அலைன்மென்டும். அலைன்மென்ட் என்பது மெய்ப்புத் திருத்தம். மூலபாடம் நிலைபெறும் முன் மெய்ப்புப் பார்ப்பவர் பிழைகளை அழகாக அச்சிடுகிறார்.

உரையாசிரியராக வருபவர் காப்பீட்டு சர்வேயர். டயர் என்ற சொல்லுக்கு அவர் உரை சுருக்கமானது: பாதி. வழக்கமான பாலிசியில் ரப்பருக்கும் டயருக்கும் ஐம்பது சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானமில்லாத பாலிசி எடுத்தோர்க்கு வேறு உரை உண்டு.

5. முடிபு

இடமாற்றச் சோதனைக்கு ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்பேனரும் போதும். பாதி மரபுகளை அது அரை மணியில் தள்ளுபடி செய்துவிடும். ஆனால் எந்தப் பட்டறையும் அதை முதலில் செய்வதில்லை. அதற்குப் பில் போட வழியில்லை. பேலன்சிங் மெஷின் வாங்கியவருக்கு ஈய மரபும், அலைன்மென்ட் மேடை போட்டவருக்கு நேர்நிலை மரபும் உண்மையாகத் தெரிவது ஏமாற்று அன்று. தவணை கட்டும் மனிதரின் நேர்மையான நம்பிக்கை. ஆகவே பட்டறைக்குள் நுழைபவர், கோளாற்றைச் சொல்லும் முன் உள்ளே என்ன மெஷின் நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்க. நோயின் பெயர் அதன்மேலேயே எழுதியிருக்கும்.