நற்றாய் சலித்தல்: ஒரு துறை விளக்கம்

பதின்ம வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் தாய், அந்தப் பெண்ணை நாலு பேர் முன்னால் வாயாரப் புகழ்ந்து யாராவது கேட்டதுண்டா? இந்த ஆய்வாளர் கேட்டதில்லை. டியூஷன் சென்டர் வாசல், கல்யாணப் பந்தி, பிரதோஷக் கூட்டம், பல் டாக்டரின் வரவேற்பறை என எங்கே காது கொடுத்தாலும் கிடைப்பது புலம்பல்தான். அந்தப் புலம்பல் ஓய்வதற்குள், மகள் மாவட்ட அளவில் இரண்டாம் இடம் என்பதும், இந்திப் பரீட்சையில் டிஸ்டிங்ஷன் என்பதும், முடி இன்னும் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது என்பதும் எதிரில் இருப்பவருக்கு ஐயம் திரிபறத் தெரிந்துவிடுகின்றன. குறை சொல்லப் போனவர் நிறை சொல்லி முடிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

முதலில் முன்னோர் நூல்களைப் புரட்டுவோம். மகனைப் பெற்றவளுக்கு நம் இலக்கியத்தில் பஞ்சமே இல்லை. வள்ளுவரின் 69ஆம் குறளில் வரும் தாய், மகனைச் சான்றோன் என்று ஊர் சொல்லக் கேட்டு, அவனைப் பெற்ற பொழுதைவிட மகிழ்கிறாள். புறநானூற்றின் 279ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், ஒரே மகனுக்கு வெள்ளை உடுத்தி, தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். இப்படிப்பட்ட தாய்மாரின் பெருமிதத்துக்கு ‘மூதின் முல்லை’ என்று துறைப்பெயரே உண்டு. மகளைப் பெற்றவளுக்கு என்ன வைத்தார்கள்? ‘நற்றாய் இரங்கல்’. மகள் காதலனோடு பாலை வழியே போய்விட்டாள், அவள் ஆடிய பந்தையும் பாவையையும் பார்த்து அம்மா அழவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு ஒதுக்கிய வேலை.

மகளை மெச்சும் பாட்டே இல்லையா என்று தமிழாசிரியர்கள் பாய்ந்து வரக்கூடும். இருக்கிறது. குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. புதுக்குடித்தனம் நடத்தும் பெண் கெட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. புளிப்பு நன்றாக இருக்கிறது என்று கணவன் சாப்பிடுகிறான், அவள் முகம் மெல்ல மலர்கிறது. இதைப் போய்ப் பார்த்துவந்த செவிலி, பெற்ற தாயிடம் பூரிப்போடு சொல்கிறாள். ஆக, மகளை முன்னிட்டுத் தாய்க்கு அனுமதிக்கப்பட்ட பெருமையின் கொள்ளளவு ஒரு சட்டி மோர்க்குழம்பு. அதுவும் மாப்பிள்ளை ருசி பார்த்துச் சான்றளித்த பிறகு.

இங்குதான் இந்த ஆய்வாளரின் கருதுகோள் பிறக்கிறது. பெருமைப்படுவதற்கான காரணங்கள் பெண்பிள்ளைகள் வழியாக மூட்டை மூட்டையாக வீட்டுக்குள் வந்து இறங்கிவிட்டன. அவற்றைச் சொல்லத் துறைதான் வரவில்லை. எனவே தமிழ்த் தாய்மார், கைவசம் இருந்த ஒரே துறையான இரங்கலிலேயே எல்லாவற்றையும் ஏற்றிச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். அந்தப் புதுத் துறைக்கு இக்கட்டுரை ‘நற்றாய் சலித்தல்’ என்று பெயரிடுகிறது. பள்ளிப் புத்தகம் இதை வஞ்சப்புகழ்ச்சி அணிக்குள் அடக்கும். தொண்டைமானின் படைக்கருவிகள் நெய் பூசி மாலை சூட்டிப் புத்தம்புதிதாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் வருந்தினாரே, அதே வருத்தம்தான். ஔவைக்கு அதை ஒருமுறை செய்ய அரசனின் படைக்கலக் கொட்டில் தேவைப்பட்டது. நம் தாய்மாருக்குத் தெருமுனைக் காய்கறி வண்டி போதும்.

களச் சான்றுக்கு வருவோம். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பிய விதி. அதை மதித்து, சென்னைப் புறநகர் டியூஷன் வாசலில் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்ற இருவரை மூத்த நற்றாய், இளைய நற்றாய் என்றே குறிப்பிடுவோம்.

“என்ன, மூஞ்சியே சரியில்ல?” இது மூத்தவர்.

“என்னத்தக்கா சொல்றது. எல்லாம் இந்தக் கழுதையாலதான். ஸ்டேட் மீட்டுக்கு செலக்ட் ஆயிட்டாளாம். ஈரோட்டுல மூணு நாள். இங்க யாரு வீட்டப் பாக்குறது, இவகூட யாரு அலையுறது? போன வருசம் வாங்கின ஷீல்டையே வைக்க இடமில்லாம, டிவி மேல இருந்த பிள்ளையாரத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கேன்.”

“நீ பரவால்ல. நம்ம வீட்ல ஒண்ணு இருக்கே, புஸ்தகத்துலேர்ந்து தலைய எடுக்கமாட்டேங்குது. கண்ணு போயிடும்டீன்னு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, அவருக்கே கிளாஸ் எடுக்குது. ‘என்னம்மா, நீட்டுக்குப் படிக்கிறியா’ன்னு அவர் கேக்குறாரு. எனக்கு மானமே போச்சு.”

இஃது என்னுதலிற்றோ எனின், இரு தாயர் ஒருவர்க்கொருவர் தோலாது தத்தம் மகளிர் சிறப்பினைச் சலிப்பின்மேல் வைத்துக் கூறுதல் நுதலிற்று. ‘இடமில்லாம’ என்பது ஷீல்டின் பன்மையை உணர்த்திற்று. பிள்ளையார் இடம் பெயர்ந்தமை, மகளின் வெற்றி தெய்வத்தினும் முற்பட்டது என்னும் குறிப்பினது. ‘நீ பரவால்ல’ என்பது ஆறுதல் போலத் தோன்றினும் போர்ப்பறை என உணர்க. ‘மானமே போச்சு’ என்றவழி, கையிலிருந்த கீரைக்கட்டு மார்போடு அணைக்கப்பட்டுக் கழுத்து நிமிர்ந்தமையின், போனது மானம் அன்று என்பது பெறப்படும்.

மாற்றுக் கொள்கை ஒன்று உண்டு. இது இலக்கியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, வெறும் கண்ணேறு பயம் என்பார்கள். புகழ்ந்தால் திருஷ்டி, குறை சொன்னால் கவசம். இதை அடியோடு தள்ள முடியாது. மகள் படம் பேப்பரில் வந்த அன்று சாயங்காலம், வாசலில் கிழக்குப் பார்த்து அவளை நிறுத்தி, உப்பும் வரமிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி வரவில்லை என்றதும் ‘எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாரு’ என்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்லும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் திருஷ்டிக்கு அஞ்சுகிறவர் அந்தப் பேப்பரை லேமினேட் செய்து ஹாலில் மாட்டுவாரா? எனவே இக்கொள்கை பாதிதான் தேறும்.

தந்தையர் இந்த ஆய்வுக்குள் வரமாட்டார்கள். அவர்கள் நேரடியாகவே பீற்றிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தால் போதும், ஆராய அதில் ஒன்றுமில்லை.

இனி இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. புகழ்ச்சியை வைத்து ஒரு காலத்தின் முன்மாதிரிப் பெண் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. மேடையில் எல்லாரும் எல்லாரையும் புகழ்வார்கள். சலிப்பை வைத்தே கண்டுபிடிக்க முடியும். ‘எம்பொண்ணுக்குக் கூச்சம் ஜாஸ்தி, நாலு பேர் வந்தா உள்ள போயிடுவா’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் காலத்தில் இது பெருமை. பெண் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொல்லி முடித்த கல்யாணங்கள் உண்டு. இன்று அதே வாக்கியத்தை அதே சொற்களில் ஒரு தாய் சொன்னால், அது நிஜமான கவலை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆளனுப்புவார். மறுதலையாக, ‘வாயத் தொறந்தா மூடமாட்டா, ஹெச்.எம்.கிட்டயே சட்டம் பேசுறா’ என்பது அன்று வீட்டுக்குள் அடக்கவேண்டிய அவமானம். இன்று பந்தியில் ரசம் வருவதற்குள் சொல்லி முடித்தாகவேண்டிய செய்தி. சொல் மாறவில்லை, சலிப்பு இடம் மாறியிருக்கிறது.

இந்த இடமாற்றம் எப்போது நடந்தது என்பதற்குப் பள்ளி மாறுவேடப் போட்டிகள் நல்ல சான்று. அந்நாளில் பெண்குழந்தை என்றால் ஆண்டாள், ஔவையார், பாரதமாதா, கொஞ்சம் வீரம் வேண்டுமென்றால் ஜான்சி ராணி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காக்கி நுழைந்தது. கிரண் பேடி 1972-லேயே ஐ.பி.எஸ். ஆகிவிட்டார் என்றாலும், அம்மாக்கள் மனத்தில் தொப்பியை மாட்டியது தெலுங்கிலிருந்து வந்த ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ விஜயசாந்திதான் என்பது இந்த ஆய்வாளரின் துணிபு. சென்னை ஆயிரம்விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்ததும் 1992-இல். பிறகு கல்பனா சாவ்லா வந்தார். 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்கலம் திரும்பி வரும் வழியில் சிதறி அவர் மறைந்தபின், தமிழக அரசு அவர் பெயரில் துணிவுக்கான விருது வைத்தது. வீடுகளில் அம்மாக்கள் அட்டைப்பெட்டியில் வட்டமாக ஓட்டை போட்டு, அலுமினிய ஃபாயில் சுற்றி, குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். இப்போது நீலச் சட்டையும் பேட்டும். முதுகில் 18 என்று எழுதியிருந்தால் நடுவராக வந்தவர் ‘கோலியா பாப்பா?’ என்று கேட்பார். பாப்பாவுக்கு முன்னால் அம்மா பதில் சொல்லிவிடுவார்: “ஸ்மிருதி மந்தனா சார். அவங்க நம்பரும் பதினெட்டுதான்.” 2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய பிறகு, இந்தப் பதிலில் குரல் இன்னும் ஏறியிருக்கிறது.

அரசாங்கமும் இந்த இலக்கணத்தைத் தன் பாணியில் எழுதிவைத்திருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம் 1989-இல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் உதவியாகத் தொடங்கியது. 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-இல் அது 8 கிராம் ஆனது. 2022-இல் அதே அம்மையார் பெயரில் அது உயர்கல்வித் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. ‘புதுமைப் பெண்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். தங்கம் போனதே என்று வருந்திய தாய்மார் உண்டு. அவர்கள் வருத்தத்தைக் கிண்டல் செய்ய இந்த ஆய்வாளருக்கு மனமில்லை, பவுன் விலை அப்படி. ஆனாலும் புது வகைச் சலிப்பு ஒன்று உற்பத்தியானது: ‘அவ அக்கவுண்ட்ல மாசாமாசம் ஆயிரம் விழுது. எங்கிட்ட ஒரு பைசா காட்டமாட்டேங்கிறா. என்ன செலவு பண்றேன்னு கேட்டா, எம் பணம்ங்கிறா.’ கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது தாயின் உதட்டோரத்தைக் கவனிக்கவும்.

முன்மாதிரி என்று பேசிவிட்டுக் கண்ணகியை விடமுடியாது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நின்றார், 2001 டிசம்பரில் அகற்றப்பட்டார், 2006-இல் திரும்பி வந்தார். இந்தப் போக்குவரத்தால் எந்த வீட்டிலும் எந்த மகளின் தினசரி அட்டவணையும் மாறியதாகச் சான்றில்லை. ஆனால் நகரத்துக் குடிசைகளை அப்புறப்படுத்திக் கொண்டுபோய்க் குடியமர்த்திய பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்களே, அந்தக் கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா என்ற பெண் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடி தங்கம் வென்ற அணியில் ஆடித் திரும்பினார். அதன்பின் பெண்கள் கபடி சார்ந்த சலிப்பின் தரமே வேறு. முட்டி சிராய்ப்பு முன்பு ரகசியம், ‘நாளைக்கு எவன் கட்டுவான்’ என்ற பயம். இப்போது ஒரு தாய், வேண்டாம் வேண்டாம் என்று கூசும் மகளின் டிராக் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, காய்ந்தும் காயாத பொருக்கைக் காட்டி, “பாருங்க சார், இப்படிப் பண்ணிக்கிட்டு வந்து நிக்குது. எதிர் டீம் பொண்ணுக்கு இதவிட மோசம்” என்றார்.

சலிப்பு வெறும் உரைநடை அல்ல, அது விளைவும் தரும் என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. வீட்டுப் பெண்குழந்தை எந்நேரமும் டிவியில் கார்ட்டூன் பார்க்கிறதே என்று அலுத்துப்போய்ப் பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அந்த வைஷாலி 2023-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்காவைப் பார்த்துச் செஸ் பலகைக்கு வந்த தம்பி பிரக்ஞானந்தா முன்பே கிராண்ட்மாஸ்டர். உலகில் அக்கா, தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது அதுவே முதல்முறை. அதே ஆண்டு பாகு நகரில் தம்பி ஆடும்போது அம்மா நாகலட்சுமி ஓரமாக நின்று பூரித்த படத்தை நாடே பார்த்தது. மூதின் முல்லைக்கு ஒளிப்படக்காரர் உடனே கிடைத்துவிடுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

தாய்மார் விரும்பும் துணிச்சலுக்கு எல்லை உண்டா? உண்டு. அது வீட்டு நிலைப்படி. பஸ்ஸில் இடிப்பவனிடம் பேசவேண்டும், ஆபீஸில் பேசவேண்டும், நாளைக்கு மாமியாரிடம் கட்டாயம் பேசவேண்டும். அம்மாவிடம் மட்டும் பேசக்கூடாது. ‘எங்கிட்டயே எதிர்த்துப் பேசுறா’ என்பது ஒன்றுதான் இத்துறையில் நேர்ப்பொருளே கொள்ளப்படும் வாக்கியம். அதற்கு உட்பொருள் தேடிய இளம் ஆய்வாளர்கள் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

மகளிர் தரப்பும் பதிவாகவேண்டும். ‘உனக்கு யாரும்மா ரோல் மாடல்?’ என்று கேட்டால், அம்மா பக்கத்தில் இருக்கும்வரை கல்பனா சாவ்லா என்கிறார்கள். அம்மா தண்ணீர் பிடிக்க எழுந்து போனதும் பதில் மாறுகிறது. ஒரு பகுதி கொரியப் பாடகியர் பக்கம் சாய்கிறது. ஆனால் அதிகம் காதில் விழுந்தது வேறு: பின் தெரு அக்கா. ஹாஸ்டலில் தங்கிப் படித்து, கோயம்புத்தூரில் வேலை பார்த்து, சொந்தச் சம்பளத்தில் வண்டி வாங்கி, பொங்கலுக்கு அதை ஓட்டிக்கொண்டு வந்து தெருவில் நிறுத்திய ஒருத்தி. மேடையிலோ பாடப் புத்தகத்திலோ இடம்பெறாதவள். அவளுடைய அம்மா தெருக்குழாயில் என்ன சொல்கிறார் என்று விசாரித்தோம். ‘சொன்ன பேச்சு கேக்காதுங்க’ என்கிறாராம்.

கள ஆய்வின் இறுதிக் கட்டத்தில் எதிர்பாராத தரவு ஒன்று சிக்கியது. ப்ளஸ் ஒன் படிக்கும் இரு பெண்கள் பானிபூரிக் கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கடுகடுவென்று இருந்தாள். “எங்கம்மா தொல்ல தாங்கல. கல்யாணத்துல விட்ட பி.காம இப்பத்தான் முடிக்கப் போறாங்களாம், கரஸ்ல. டிவி போட விடமாட்டேங்குது. நைட்டு பன்னெண்டு வரைக்கும் அக்கவுண்டன்சி. நான் டவுட்டு சொல்லிக் குடுத்தா, ‘உனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்க’ன்னு எனக்கே திருப்பிக் கிளாஸ் எடுக்குது. போன செமஸ்டர்ல எழுபத்தெட்டு. மானமே போகுது.”

இதற்கு இன்னும் துறைப்பெயர் இடப்படவில்லை.