உங்கள் மாப்பிள்ளை கரணை பிடித்த கதை

லெஸ்டர், இங்கிலாந்து
ஆகஸ்ட் மாதம், நல்ல மழை

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டை வீடியோவில் காட்டு, காட்டு என்று மதினி கேட்டுக்கொண்டே இருக்கிறார். காட்டுவதாக இல்லை. இப்போது எங்கள் இருவரையும் பார்த்தால் சீமையில் வீடு வாங்கியவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாரோ வீட்டுக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே கடிதம்.

வீடு 1890களில் கட்டியது. தெரு முழுக்கச் சிவப்புச் செங்கல். ஒரு வீட்டின் பக்கச்சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் பக்கச்சுவர். பழுதுபார்க்கும் வேலையை ஆள் வைத்துச் செய்ய வேண்டியதுதானே என்று கேட்டீர்கள். வைக்கலாம். பெயிண்டருக்கு நாள் கூலி 200 பவுண்டு பக்கம் வருகிறது, நம் காசில் இருபதாயிரத்துக்கு மேல். பூச்சு வேலைக்காரர் அதற்கும் மேலே கேட்கிறார், தேதியோ தீபாவளிக்குப் பிறகுதான் என்கிறார். “வெள்ளைக்காரன் எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் தன் வீட்டு வேலையைத் தானே செய்வான், அதுதான் அவன் முன்னேறிய ரகசியம்” என்று பெரியப்பா சொல்வாரே, அவரிடம் சொல்லுங்கள். ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை, கூலிதான் காரணம். இங்கே கொத்தனாருக்குக் கொடுக்கிற கூலியை அங்கே கொடுக்க வேண்டி வந்தால், நம்மூர் கலெக்டரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி மேல்தான் நிற்பார்.

முதல் வேலை சுவர்த்தாள் உரிப்பது. சுவருக்குத் தாள் ஒட்டுவது இந்த ஊர்க்காரர்களின் பரம்பரை வியாதி. பழைய தாளைக் கிழிக்கச் சோம்பல்பட்டு, அதன்மேலேயே புதிதை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மக்னோலியா பெயிண்ட், பாலில் ஒரு சொட்டு டீ தெறித்த மாதிரி ஒரு நிறம். இந்த நாட்டு வாடகை வீடுகளுக்கெல்லாம் அதுதான் சீருடை. அதற்குக் கீழே மரத்தூள் பதித்த சொரசொரப்பான தாள். 1970களில் ஊரெங்கும் இதை ஒட்டித் தள்ளியிருக்கிறார்கள். ரசனையால் அல்ல, விரிசலை மறைக்க. அதற்கும் கீழே ஆரஞ்சு நிற வட்டங்கள். அதற்கும் கீழே ரோஜாப்பூ.

உரிப்பதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, குழாய் வழியாக ஒரு தட்டையான பலகைக்கு ஆவியை அனுப்பும். பலகையைச் சுவரில் அழுத்திப் பிடித்து, தாள் ஊறியதும் பட்டித் தகட்டால் சுரண்ட வேண்டும். நான் ஆவி பிடிப்பேன், உங்கள் மாப்பிள்ளை சுரண்டுவார். கை வலித்தால் மாற்றிக்கொள்வோம். சண்டை வந்தாலும் மாற்றிக்கொள்வோம். 1712 முதல் 1836 வரை இந்த நாட்டில் சுவர்த்தாளுக்கு வரி போட்டிருந்தார்களாம். வரி போட்டவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். அதை எடுத்தவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரோஜாப்பூவுக்குக் கீழே, வெறும் பூச்சில், தாள் ஒட்ட வந்த யாரோ பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார். அறையின் நீளம், அகலம், எத்தனை சுருள் வாங்க வேண்டும் என்று. உங்கள் மாப்பிள்ளைதான் கணக்கில் புலியாயிற்றே. ஏணியிலேயே நின்று கூட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு சுருள் அதிகமாக எழுதிக் காசு வாங்கியிருக்கிறான்” என்றார். நூறு வருஷத்துக்கு முந்தைய தாள் ஒட்டிய கணக்கிலும் தகராறு இருக்கிறது என்பது ஆறுதலாக இருந்தது.

இங்கே எதைத் தொட்டாலும் முதலில் பயமுறுத்துகிறார்கள். பழைய கதவு, ஜன்னல்களில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கும். அதைப் பொதுமக்களுக்கு விற்பது 1992-ல்தான் நின்றது. அதனால் உப்புத்தாளை உலர்வாகப் போட்டுத் தேய்க்கக் கூடாது, ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும். மாடி அறைக் கூரையில் சுழி சுழியாகக் கோலம் போட்ட பூச்சு ஒன்று இருக்கிறது. 1980கள் வரைக்கும் அந்த மாதிரிப் பூச்சில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலப்பதுண்டு. இந்த நாட்டில் கல்நாருக்கு முழுத் தடை வந்தது 1999-ல். சுரண்டுவதற்கு முன்னால் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஆமாம், இருக்கிறது என்று பதில் வந்தது. சேதமில்லாமல் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது என்பதால், மேலேயே ஒரு கோட்டிங் அடித்துவிட்டுக் கும்பிடு போட்டுவிட்டோம். உங்கள் குடோன் கூரை முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்பதை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஜன்னல் கதை தனி. மேலும் கீழும் நழுவுகிற ஜன்னல். இரண்டு பக்கச் சட்டத்துக்குள்ளும் கயிற்றில் இரும்புக் குண்டு தொங்கும், அதன் எடைதான் கண்ணாடியைத் தாங்குகிறது. வந்தவர் போனவரெல்லாம் பெயிண்ட் அடித்து அடித்து ஜன்னல் சட்டத்தோடு ஒட்டிப் போயிருந்தது. உங்கள் மாப்பிள்ளை கத்தியால் இடுக்கை அறுக்கப் போய்க் கயிற்றையும் சேர்த்து அறுத்துவிட்டார். குண்டு சுவருக்குள்ளே விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா ஓடி வந்துவிட்டார். 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டியபோது இந்த ஊருக்கு வந்த குடும்பம். லெஸ்டருக்கு வராதீர்கள், இங்கே இடமில்லை என்று இந்த ஊர் நகராட்சி உகாண்டாப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்ததாம். “அதைப் படித்துத்தான் இப்படி ஒரு ஊர் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது” என்று சொல்லிச் சிரிக்கிறார். எங்களுக்கு டோக்ளாவும் ஆலோசனையும் தினமும் அங்கிருந்துதான் வருகிறது. டோக்ளா நன்றாக இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெயிண்ட் கடை வைத்திருக்கிற நீங்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. முன்பு இருந்தவர்கள் சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். அப்படியும் அது கொப்புளம் கொப்புளமாக உரிந்தது. இந்தக் காலத்து வீடு என்றால் இரண்டு சுவர், நடுவே இடைவெளி. பழைய வீட்டில் ஒரே ஒன்பது அங்குலச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மட்டும். அதற்குள் மழை ஈரம் கொஞ்சம் போகத்தான் செய்யும், காய்ந்தால் அந்த வழியாகவே வெளியே வந்துவிடும். சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே கிடந்து செங்கல்லைத் தின்கிறது. வைத்தியம் என்ன என்று விசாரித்தால், சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசு என்கிறார்கள்.

அண்ணே, சுண்ணாம்பு! சிமெண்டைவிட விலை அதிகம். அதைப் பூசச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் வகுப்பு வேறு, அதற்குக் கட்டணம். தாத்தா கிளிஞ்சல் சுட்டுத் தாளித்த சுண்ணாம்பை, பேத்தி பவுண்டு கட்டிப் படிக்கப் போனேன். வகுப்பில் சாந்தோடு ஆட்டு ரோமம் கலந்து காட்டினார்கள், விரிசல் விடாமல் இருக்க. எங்கள் ஊரில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றுவோம், செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள் என்று சொல்லிவைத்தேன். பாடம் நடத்தியவர் கரணையைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். சாயங்காலம் வரை உங்கள் தங்கைக்குத்தான் மரியாதை.

பூச்சு வேலை மாப்பிள்ளையுடையது. மணியாஸ் கட்டையைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தால் மனிதர் தியானத்தில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறார், கூப்பிட்டால் காது கேட்பதில்லை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகிறது. அவசரப்படுத்த முடியாது. உறைபனி பட்டாலோ எல்லாம் உதிர்ந்துவிடும். ஆகவே கோடையில்தான் வேலை. கோடை என்பது என்ன என்று கடிதத்தின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

வில்லியம் மோரிஸ் என்று ஒருவர், இந்த நாட்டின் புகழ்பெற்ற சுவர்த்தாள் ஓவியர். அவர்தான் 1877-ல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். பழைய தேவாலயச் சுவர்களின் பூச்சைச் சுரண்டிப் புதுசாக்குகிறவர்களை எதிர்த்ததால் அதற்குச் சுரண்டாதே சங்கம் என்றே செல்லப்பெயர். சுண்ணாம்புக்காக இன்றும் வாதாடுகிறது அந்தச் சங்கம். நல்ல காரியம்தான். ஆனால் நாடு முழுக்கத் தாள் ஒட்ட ஆசை காட்டிவிட்டு அப்புறம் சுரண்டாதே என்றால் எப்படி?

நிறத்தில் பெரிய சண்டை. உங்கள் மாப்பிள்ளைக்கு வெள்ளை வேண்டும், எனக்கு நம் வீட்டு முற்றத்து நீலம் வேண்டும். கடையில் வெள்ளையிலேயே ஒரு அலமாரி நிறைய வகை, எல்லாம் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. முடிவில் சுண்ணாம்பையே தண்ணீராகக் கரைத்து, பொங்கலுக்கு அப்பா கலப்பது போல் ஒரு பிடி நீலம் கலந்து, மெலிதாக ஐந்து பூச்சு அடித்தோம். அவர் வெள்ளை என்கிறார், நான் நீலம் என்கிறேன். குடும்பம் ஓடுகிறது.

கொத்தி எடுத்த சிமெண்ட் இன்னும் கொல்லையில் குவிந்து கிடக்கிறது. கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு வர இங்கே வழியில்லை. நகராட்சிக் கிடங்கில் ஒரு தடவைக்கு 50 லிட்டர் பை இரண்டுதான் இலவசம், அதுவும் நான்கு வாரத்தில் நான்கு தடவை. மூட்டையும் கையுமாக நாங்கள் போனால் வாசலில் இருப்பவர் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

பூர்வீக வீட்டுத் திண்ணைச் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது, சிமெண்ட் பூசி வெதர் கோட் அடிக்க ஆள் பேசியாயிற்று என்று மதினி சொன்னார். நிறுத்துங்கள், அண்ணே. அதுவும் சுண்ணாம்புச் சுவர்தான். முதலில் ஓட்டுத் தண்ணீர் சுவரோரம் விழாமல் தள்ளிவிட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். சுவர் காயட்டும். உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டு, சுண்ணாம்பு தெரிந்த பழைய கொத்தனார் ஒருவரைப் பிடித்துப் பூசச் சொல்லுங்கள். அவர் கூலி எவ்வளவு கேட்டாலும் பேரம் பேசாதீர்கள், நான் அனுப்புகிறேன். கடையில் யாருக்கு எந்த டப்பாவை வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள். நம் வீட்டுச் சுவருக்கு மட்டும் சிமெண்ட் வேண்டாம்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை